பின்சுவர் இல்லாத பெட்டி

நாவலோடை அணையின் கால்வாய் மதகிலுள்ள இரும்புக் கதவு இறங்கினால், அந்தச் சத்தத்துக்கு மூன்று ஊர்க் கோழிகள் ஒரே நேரத்தில் முட்டையிடும் என்பார்கள். முட்டைகளை யாரும் எண்ணியதில்லை. ஆகவே மறுக்கவும் முடியாது. ஆனால் அந்த வைகாசிச் செவ்வாய்க்கிழமை காலையில் கதவு இறங்கியபோது சத்தம் பாதியிலேயே அமுங்கிப்போனது. கீழே மதகுத் தொழிலாளி செவத்தையன் இருந்தார்.

மூன்றாம் நாள், விசாரணை அறிக்கையை அணைப் பொறியாளர் தமயந்தியின் முன்னால் வைத்தார்கள். "நிரல் தெரிந்தவள் நீதான், நீயே எழுது" என்றார் மேலதிகாரி. பொறுப்பாளி என்ற சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு கோடு. அதில் ஏறும் பெயருக்கு வேலையும் போகும், சிறையும் உண்டு.

கதவை இயக்கும் கணினி நிரலை முதலில் எழுதியவர் அவளுக்கு முன்பிருந்த பொறியாளர் ஞானப்பிரகாசம், சி என்ற கணினி மொழியில். அங்கே தகவல் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். நீர்மட்டம், கீழே ஆள் உண்டா என்ற குறி, எல்லாம் பந்தியில் வைத்த தண்ணீர்ச் செம்பு மாதிரி திறந்து கிடக்கும். எந்த மூலையிலிருந்தும் கை நீட்டி மாற்றலாம். அதனால் யாரும் எதையும் நம்பவில்லை. ஆகாயத்தாமரை அள்ளக் கதவுக்கடியில் இறங்கும்போதெல்லாம் செவத்தையன் மோட்டாரின் பியூஸ்கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வார். இப்படியே பதினெட்டு வருஷம்.

தமயந்தி வந்து அதை சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாற்றினாள். பழைய மொழியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே வளர்ந்த மொழி அது. கதவின் தகவலையும் வேலையையும் சேர்த்து ஒரே பெட்டியில் பூட்டினாள். ஆள் இறங்குமுன் சுவரிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் பெட்டி குறித்துக்கொள்ளும்; ஏறி வந்து மறுபடி அழுத்தும்வரை கதவு அசையாது. நீர்மட்டப் பகுதி மட்டும் ஞானப்பிரகாசம் எழுதியபடியே பழைய மொழியில் நிரலுக்குள் நின்றது. அதை மாற்ற இன்னும் மூன்று மாதம் பிடிக்குமே!

"முன்கதவு தேக்கு, பூட்டு பித்தளை. பின்பக்கம் சுவரே இல்லையே, தாயி" என்று சிரித்தார் ஞானப்பிரகாசம், ஓய்வு பெற்ற அன்று. "பழைய மொழிக்காரன், கணினி நினைவகத்துல பெட்டி இருக்கிற முகவரியைப் பிடிச்சு நேரே உள்ளே போயிடுவான்."

"வேணும்னே யார் சார் போகப் போறாங்க?"

பியூஸைப் பிடுங்கினால் கணினியும் அணைந்துபோகிறது என்று, பிறகொரு நாள் பியூஸ் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"கட்டை மடியில இருந்தாத்தான் உசிரு இருக்கிற மாதிரி இருக்கும், எஞ்சினியரம்மா" என்றார் செவத்தையன்.

"பொத்தான் அதைவிடக் கெட்டிண்ணே."

செவத்தையன் ஏறி வந்தபின் பொத்தானை அழுத்த இரண்டு முறை மறந்தார். கதவு இறங்காமல் வாழைத்தோட்டங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தமயந்தி விடுப்பில் இருந்த வாரம் அது, ஞானப்பிரகாசத்தைக் கூப்பிட்டார்கள். நீர் எல்லை தாண்டினால் பெட்டியின் பின்பக்கமாகப் போய் 'ஆள் உண்டு' என்ற குறியை அழிக்க, தன் பகுதியில் ஒரே ஒரு வரி சேர்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஆள் கீழே இருந்தால் கட்டை மடியில் இருக்குமே என்பது அவர் நினைப்பு. பியூஸ் பெட்டிக்குப் பூட்டு விழுந்த கதை அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை செவத்தையன் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் இறங்கினார். ஆகாயத்தாமரை அடைத்து நீர் எல்லை தாண்டியது. குறி அழிந்தது. ஜன்னல் இல்லாத அறையில் இருந்து கதவை இயக்கும் இசக்கிமுத்துவின் திரையில் 'ஆள் இல்லை' என்று வந்தது. திரையைப் பார்த்து இயக்கு என்பதுதான் அவனுக்கு விதி. இயக்கினான்.

"திரை சொன்னதைத்தானே மேடம் செஞ்சேன்?" என்று அழுதான் இசக்கிமுத்து.

"என் பேரை எழுது தாயி. எனக்கு எழுபது ஆச்சு. ஜெயில்ல மாத்திரை சும்மா தருவானாம்" என்றார் ஞானப்பிரகாசம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

திரையை நம்பியவன், பின்பக்கமாகப் புகுந்தவர், பெட்டி செய்தவள். அந்தக் கோட்டில் யார் பெயர் ஏற வேண்டும்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

விடை: இசக்கிமுத்துவுக்குப் பியூஸ் பூட்டு தெரியும், பின்சுவர் இல்லாதது தெரியாது. ஞானப்பிரகாசத்துக்குப் பின்சுவர் இல்லாதது தெரியும், பூட்டு தெரியாது. சொல்லாமல் கை வைத்தது அவர் குற்றம்தான். ஆனால் அவர் அறிந்த உலகில் அந்தக் குற்றத்துக்கும் ஓர் உயிருக்கும் நடுவே பியூஸ்கட்டை இருந்தது. பழைய மொழி யாரையும் காப்பதாகச் சொன்னதில்லை. ஆகவே மனிதன் தன்னைத் தானே காத்துக்கொண்டான். புதிய பெட்டி தவறிப் படும் கையைத் தடுக்கும். தெரிந்தே நீளும் கையைத் தடுக்காது. இரண்டும் தெரிந்தவள் தமயந்தி ஒருத்திதான். பேனாவுக்காகக் கைப்பைக்குள் கையை விட்டாள். முதலில் சாவிதான் வந்தது.