வில்வத்துக்கு வெட்டிய குழி

"மூணாவதும் பட்டுப்போச்சும்மா," என்றார் ஏகாம்பரம்.

உமையாள் அம்மா பொறுமையாகப் புன்னகைத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

குருவுக்கு நாற்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. உதகையில் தன் வீட்டுப் பின்பக்கம் இவர் வில்வம் நடுவதும், மார்கழி உறைபனியில் அது கருகுவதும், இங்கே வந்து புலம்புவதும் வருஷம் தவறாமல் நடக்கிறது.

அது வடக்குச் சரிவு. போதாக்குறைக்குத் தலைக்கு மேல் சைப்ரஸ் மரங்கள். நிழலையும் குளிரையும் தாங்குகிற காட்டு நாவலை வையுங்கள் என்று அம்மா இரண்டு தடவை கன்றே கொடுத்தனுப்பினார். இரண்டையும் இவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். அங்கேயும் அதே நிழல்தான். இடுப்பளவு வளர்ந்து தழைத்து நிற்கின்றன.

இவருக்கு வில்வம்தான் வேண்டுமாம். இறந்துபோன மனைவி தையல்நாயகியின் பேரில் ஒரு மரம், அதுவும் அவள் பிறந்த திருத்துறைப்பூண்டி மண்ணில் முளைத்த கன்று. அது தழைத்தால்தான் மனசு ஆறும் என்றார்.

"ரெண்டடிக் குழி. மக்கின எரு. பனிக்குப் போர்வைகூடப் போர்த்தினேன். இப்ப நாலாவது கன்னு வந்திருக்கு. இன்னும் என்னதாம்மா செய்யணும்?"

"நாளைக்கு அதை நடாதீங்க ஐயா. அந்தக் குழிப் பக்கத்துல நாற்காலி போட்டு நீங்க உட்காருங்க. விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும்."

"எதுக்கு?"

"நட்டுட்டு வீட்டுக்குள்ள போய் ஹீட்டர் போட்டுக்கிறீங்களே, அதுக்கு."

மறுநாள் போய் உட்கார்ந்தார். வீம்புக்குக் குறைச்சல் இல்லாத மனுஷர்.

பத்து மணிக்கு எதிர்மலை முழுக்க வெயில். பன்னிரண்டுக்கு அது பக்கத்து வீட்டு ஓடு வரைக்கும் வந்தது. குழிக்கு வரவில்லை. மூன்று மணிக்கு விரல்கள் மரத்துப்போயின. அம்மாவை வாய்விட்டே திட்டினார்.

பொழுது சாய்ந்ததும் நடுங்கிக்கொண்டே அம்மாவிடம் வந்தார்.

"ஒரு பொட்டு வெயில் விழலை. மனுஷன் இருப்பானா அந்த இடத்துல?"

கேட்டவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா சுக்குக் காப்பியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"அவளும் இதையேதான் கேட்டா," என்றார். "கல்யாணமாகி வந்த முதல் மார்கழியிலேருந்து கேட்டா. வெயில் படுற இடமா ஒரு வீடு பாருங்க, இல்லேன்னா ஊருக்கே போயிடலாம்னு. முப்பத்தோரு வருஷம் கேட்டாம்மா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்தேன்."