அடுப்படிக்குச் செருப்பு ஆகாது

"நான் எதைப் படிக்கட்டும் மேடம்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

எப்சிபா தலை நிமிரவில்லை. மேஜைமேல் படுத்துக் கிடந்த ஒரு செயற்கைக் காலின் கணுவில் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பின்பக்கம் அவளுடைய ஆய்வுக்கூடம் இருந்தது. கை, கால், முட்டி என்று மனுஷ உடம்பில் போனதற்கெல்லாம் மாற்று செய்து பார்க்கிற இடம். எப்சிபாவுக்கு வயசு முப்பதைத் தாண்டியிருக்காது. ஆனாலும் உயிரியல் பொறியியல் என்று கிளம்புகிற பிள்ளைகள் எப்படியோ மோப்பம் பிடித்து அவள் வாசலுக்கு வந்துவிடும். வந்ததில் பாதி அவளைத் திட்டிக்கொண்டேதான் திரும்பும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிற பழக்கம் அந்தப் புண்ணியவதிக்குக் கிடையாது.

"நாளைக்குச் சாயங்காலத்தோட கவுன்சலிங் சாய்ஸ் முடியுது மேடம். அதுக்கப்புறம் மாத்த முடியாது."

"சரி."

"பயோமெடிக்கல் எடு, அதுதான் நேர் ரூட்டுன்னு ஸ்கூல் மிஸ் சொல்றாங்க. பெங்களூர்ல இருக்கிற சித்தி மகன், அதெல்லாம் வேண்டாம், எலெக்ட்ரானிக்ஸ் எடு, எங்க வேணா போய்ப் பொழைச்சுக்கலாம்ங்கான். யூடியூப்ல ஒருத்தர் பயோடெக்தான் எதிர்காலம்னு சத்தியம் பண்றார். இன்னொருத்தர் வந்து அவரைத் திட்டுறார். லிஸ்ட்டை மேலயும் கீழயும் மாத்தி மாத்தி எனக்குக் கிறுக்கே பிடிச்சிரும்போல இருக்கு."

சொல்லும்போதே அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். கையில் போன் சூடேறிக் கிடந்தது.

"எதுக்குப் படிக்கப் போற?"

"எங்கப்பாவுக்குக் கால் செய்யணும்."

அதை மட்டும் நின்று சொன்னாள்.

அவள் அப்பா ஆவுடையப்பன். கோவில்பட்டி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் முதலில் வாயில் வருகிற பேர். அவர் வைத்த தேங்காய்ப்பால் சொதியைச் சாப்பிட்டுவிட்டு, எதற்குச் சண்டை போட்டோம் என்பதையே மறந்துபோன சம்பந்திகள் உண்டு. ஒரு கல்யாணம் முடிந்து பாத்திரங்களோடு திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றைக்கு விட்ட கரண்டிதான். ஆள் வந்து கூப்பிட்டால், "அடுத்த முகூர்த்தத்துக்குப் பாப்போம்" என்று அனுப்பிவிடுகிறார். அந்த அடுத்த முகூர்த்தம் இன்னும் வரவில்லை.

"இலவச முகாம்ல கால் குடுத்தாங்க மேடம். மாட்டவே மாட்டேங்கிறார். கதவுக்குப் பின்னாடி நிக்குது."

"ஏன்?"

"கனம். பழைய மாடல். அதனாலதான் நான் சென்சார் வச்சு, மோட்டார் வச்சு, மனசுல நினைச்சாலே நடக்குற மாதிரி ஒண்ணு..."

"கனம்னு அவர் சொன்னாரா?"

"சொல்லலை. தூக்கிப் பார்த்தா தெரியுதே" என்றாள்.

எப்சிபா இப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தாள். குதிங்கால் தடித்த புதுச் செருப்பு.

"நல்லாருக்கே. யார் வாங்கிக் குடுத்தா?"

"அம்மா. பிளஸ் டூ மார்க்குக்கு."

"ஒண்ணைக் கழட்டி இங்க வை."

"என்னது?"

"ஒரு செருப்பை வச்சுட்டுப் போ. மத்ததைப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போ. வழியில கழட்டாதே. வீட்டுக்குள்ளயும் கழட்டாதே."

"வீட்டுக்குள்ளயா! எங்கம்மா கொன்னே போட்டுருவாங்க."

"உங்கப்பா ஏன்னு கேக்குற வரைக்கும் கழட்டாதே."

"மேடம், நான் கேட்டது கோர்ஸைப் பத்தி."

"தெரியுது."

அவ்வளவுதான். எப்சிபா மறுபடி திருகாணிக்குப் போய்விட்டாள்.

வாசலோரத்தில் ஒரு அலமாரி. அதில் வரிசையாகச் செருப்புகள், எல்லாம் ஒற்றை ஒற்றையாக. ரப்பர் செருப்பு, பூப்போட்ட செருப்பு, விலை உயர்ந்த ஒரு ஷூகூட. எல்லாவற்றிலும் தூசி.

"இதெல்லாம் யாரோடது?"

"உன்னை மாதிரி வந்தவங்களோடது. வழியில புது ஜோடி வாங்கிட்டாங்க. திரும்பி வரலை."

செண்பகவல்லிக்குச் சுள்ளென்று ஏறியது. இடது செருப்பைக் கழற்றி, வேண்டுமென்றே சத்தம் வர அலமாரியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது. தார் ரோடு ஒரு காலைச் சுட்டது. பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா, "அறுந்துபோச்சா தாயி? மத்ததையும் கழட்டிட்டு நடயேன்" என்றாள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நல்லது கேட்க வந்த இடத்தில் நம்மைக் கோமாளி ஆக்கிவிட்டாளே படுபாவி என்று வயிறெரிந்தது அவளுக்கு.

எதிரே செருப்புக் கடை. ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டிருந்தான். கை பர்ஸுக்குப் போனது.

அந்த அலமாரியும் தூசியும் நினைவுக்கு வந்தன. நம்ம செருப்பும் அங்கேயே கிடந்து தூசி படியணுமா? ரோஷம் வந்துவிட்டது. கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினாள்.

உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைத் திறந்தாள். பயோமெடிக்கலை மேலே ஏற்றினாள். கயத்தாறு வருவதற்குள் அதை இறக்கி எலெக்ட்ரானிக்ஸை ஏற்றினாள். மெக்கானிக்கல் கடைசியில் கிடந்தது, சும்மா இடத்தை நிரப்பப் போட்டு வைத்தது. எப்படி மாற்றினாலும் மனசு ஒப்பவில்லை. இடுப்பு வேறு கடுத்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் செருப்பில்லாத பக்கமாகச் சரிந்தாள்.

வீட்டு வாசலில் கால் தயங்கியது. பிறந்ததிலிருந்து கழற்றிய பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு செருப்போடு உள்ளே போனாள்.

"ஏட்டி! ஏட்டி!" அம்மா கோமதி முறத்தைக் கீழே போட்டாள். "விளக்கு வைக்கிற வீட்டுல செருப்போட வாரியே, உனக்கு என்ன கேடு பிடிச்சிருக்கு? அந்த மத்தது எங்கட்டி?"

செண்பகவல்லி விந்தி விந்தி நடந்தாள். கூடத்தைத் தாண்டினாள். அடுப்படி வாசல் நிலையில் கை வைத்தாள்.

"அங்கனயே நில்லு."

அப்பாவின் குரல். அவர் அடுப்பு முன்னால் மணைப்பலகையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் பக்கத்தில் கிடந்தது. சத்தம் போட்டே அறியாத மனுஷர், இப்போது முகம் சிவந்துவிட்டது.

"அடுப்படிக்குச் செருப்போட வரலாமா? தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ப்பா."

"பின்ன ஏன்ட்டி?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய கோபம் இறங்கிவிட்டது. மகளின் பாதத்தைப் பார்த்தார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகக் கோணி நின்றதைப் பார்த்தார்.

"நேரா நிக்க முடியலையோ?"

"இடுப்பு கடுக்குதுப்பா."

"கடுக்கும்! நல்லாக் கடுக்கும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். கோமதி முறத்தை மறந்து ஓடிவந்தாள். வேன் கவிழ்ந்த பிறகு இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

"கதவுக்குப் பின்னால நிக்கானே ஒருத்தன், அவன் சேதியும் இதேதான்ட்டி செம்பா."

"அது கனமாத்தானே இருக்கு?"

"கனமா? ஊர்ப்பட்ட அண்டாவைத் தூக்கி இறக்கினவனுக்கு இந்த அரைக்காலா கனம்?" பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். "முகாம்ல ஷூவை மாட்டி வச்சுத்தான் அளவு பார்த்தாங்க. ஷூவோட நடந்தா ராசா மாதிரி நடக்கு. வாசல்ல அதைக் கழட்டினேன்னு வையி, குதிங்கால் கீழ இறங்கிருது. ஆளைப் பின்னால பிடிச்சு இழுக்கு. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால அப்படி நிக்க முடியுமா?"

"ஷூவைப் போட்டுக்கிட்டே சமைக்கலாமேப்பா."

அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"அடுப்புல இருக்கிறது அக்கினி. ஆக்குறது கல்யாணச் சோறு. தாலி கட்டப்போற பிள்ளைக்கு நான் செருப்புக் காலோட நின்னு ஆக்கவா? அதுக்கு ஆக்காமலே இருந்துட்டுப் போறேன்."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கச் சொல்லுதியா? சும்மா குடுத்திருக்காங்க. குறை சொன்னா நல்லாவா இருக்கும்?" ஒரு பல் பூண்டை எடுத்து உரித்தார். "அதுவும்போக, யாருட்டி கேட்டா?"

செண்பகவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. இந்தக் காலுக்காக அவள் எத்தனை வீடியோ பார்த்திருக்கிறாள், எத்தனை பேரிடம் போய் நின்றிருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். ஆவுடையப்பன் செயற்கைக் காலையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு வந்தார். சொன்னபடி ராசா மாதிரிதான் நடந்தார்.

ஆய்வுக்கூட வாசலில் நின்று உள்ளே பார்த்தார். மேஜைகள், கருவிகள், எரிகிற ஒரு சின்ன அடுப்பு. பிளாஸ்டிக்கை இளக்குவதற்கு அது. அவருக்கு அடுப்பு அடுப்புதான். குனிந்து ஷூ இரண்டையும் கழற்றிவிட்டார்.

காலை வைத்ததும் உடம்பு பின்னால் போனது. நிலையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

எப்சிபா பார்த்தாள். அலமாரிக்குப் போய் செண்பகவல்லியின் செருப்பை எடுத்தாள். ரம்பத்தை எடுத்தாள். குதிங்காலை அறுத்தாள்.

"மேடம்! என் செருப்பு!"

காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அறுத்த துண்டை ஒரு பக்கம் சரிவாகத் தேய்த்து எடுத்து, தரையில் மண்டியிட்டு, ஆவுடையப்பனின் செயற்கைக் குதிங்காலுக்கு அடியில் வைத்து டேப்பைச் சுற்றினாள்.

"இப்ப நில்லுங்க அண்ணாச்சி."

அவர் நின்றார். நிலையிலிருந்து ஒரு கையை எடுத்தார். கொஞ்சம் யோசித்து மற்ற கையையும் எடுத்தார். அந்தச் சின்ன அடுப்புக்கு முன்னால் போய் நின்று, கண்ணுக்குத் தெரியாத கரண்டியைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத சட்டியில் ஒரு சுற்றுக் கிண்டினார். இன்னொரு சுற்று.

"சாயலை" என்றார். "சாயலைட்டி செம்பா!"

செண்பகவல்லி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்கவில்லை, மறுபடி கால் பரபரத்தது. அப்பாவைச் சுற்றி வந்தாள். உட்கார்ந்து அந்தக் குதிங்காலை உற்றுப் பார்த்தாள். எழுந்தாள்.

"மேடம், இப்ப இதுக்கு மேல ஷூவைப் போட்டா முன்னால தள்ளுமே?"

"தள்ளும்."

"வாசலுக்கு வாசல் துண்டை ஒட்டுறதும் பிய்க்கிறதுமா இருக்க முடியாதே."

"முடியாது."

"அப்ப குதிங்கால் தானா ஏறணும், தானா இறங்கணும். ஷூ போட்டா ஒண்ணு, வெறுங்காலுக்கு ஒண்ணு."

"ம்."

"அதைச் செய்யணும்னா நான் எதைப் படிக்கணும்?"

"மெக்கானிக்கல்."

கேட்டு வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது. செண்பகவல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே மேடம்! எனக்கு ஒரு செருப்பாவது மிஞ்சியிருக்கும்."

எப்சிபா ரம்பத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

"நேத்து நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாதே" என்றாள்.