பவுனுத்தாயின் பிடிவாதம்

கவனமாகக் கேளுங்கள், முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி வரும்.

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் சரிவுக்குக் கீழே தொழிலாளர்களின் பதினொரு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. பக்கத்தில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அது இரைகிற இரைச்சலில், அருகில் நிற்பவரிடம்கூட உரக்கத்தான் பேச வேண்டும். கொழுந்து பறிக்கும் பவுனுத்தாய் இருபத்தாறு வருடங்களாக அங்கே குடியிருந்தாள்.

ஆடி மாதம். மூன்று நாளாக விடாத மழை. பிற்பகலில் அரிசி களைந்துகொண்டிருந்த பவுனுத்தாய் பின்கதவைச் சாத்தப் போனாள். காலையில் ஒழுங்காகச் சாத்திய கதவு இப்போது நிலையில் இடித்து நின்றது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று விட்டுவிட்டாள். மழை இன்னும் வலுத்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு குழந்தை சிணுங்குவது தெளிவாகக் கேட்டது. திடீரென்று அவளுக்கு அங்கே இருக்கக் கூடாது என்று பட்டது. அரிசியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

"எல்லாரும் கெளம்புங்க! பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க!"

முதல் வீட்டிலிருந்து மேற்பார்வையாளர் ஞானமுத்து வந்தார். "என்ன ஆச்சு பவுனு?"

"தெரியலண்ணே. இங்க இருக்கக் கூடாது."

"காரணம் இல்லாம இந்த மழையில சனங்கள வெளிய இழுப்பியா? மேனேஜர் என்னையத்தான் கேப்பாரு."

"எம்மேல எழுதிக் குடுங்க. வேலை போனாப் போகட்டும். மொதல்ல நகருங்க."

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சிலர் திட்டினார்கள். அவள் அவர்களுடைய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பெற்றவர்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். பக்கவாதத்தில் கிடந்த செபமாலைத் தாத்தாவைக் கட்டிலோடு தூக்க, கடைசியில் ஞானமுத்துவே தோள் கொடுத்தார்.

அவர்கள் பள்ளிக்கூடம் சேர்ந்த அரை மணி நேரத்தில் சரிவு மொத்தமாக இறங்கியது. பதினொரு வீடும் மண்ணுக்குள். ஓர் உயிரும் போகவில்லை.

"அம்மன்தான் அவ வாயில வந்து சொன்னா" என்றார் தோட்டத்து அம்மன் கோயில் பூசாரி.

"அவ எப்பவும் பயந்தவ. இந்தத் தடவை பலிச்சிருச்சு" என்றார் ஞானமுத்து.

பவுனுத்தாய் இரண்டையும் ஏற்கவில்லை. "எனக்கு என்னமோ தெரிஞ்சுது. என்னன்னுதான் பிடிபடல. அதக் கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

மூவரில் யார் சொன்னது சரி? அவளுக்குத் தெரிந்தது என்ன?

விடை: பவுனுத்தாய் சொன்னதே சரி. மழை வலுத்தபோது ஓடை அடங்கிவிட்டது; அதனால்தான் இரண்டு வீடு தள்ளிக் குழந்தை சிணுங்கியதுகூடக் கேட்டது. மேலே சரிந்த மண் தண்ணீரை மறித்திருந்தது; கீழே நிலம் நகர்ந்ததில் கதவுநிலை கோணியது. பழகிய இரைச்சல் நின்றதைக் காது கவனித்துவிட்டது. மனத்துக்கு அது எட்டும் முன்பே அவள் வெளியே ஓடியிருந்தாள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு எட்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்தே போய், வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினாள்: "மழை பெய்யிறப்ப ஓடை அடங்கினா, யாரையும் கேக்காதீங்க. கெளம்புங்க."