சீனித்தாயி தோட்டத்து அடமானம்

ஒரு ஊர்ல சீனித்தாயின்னு ஒருத்தி இருந்தா. புருஷன் செத்துப்போயிட்டான், புள்ளைங்க மூணு. அதுங்களுக்குக் கஞ்சி ஊத்துறது ஒரு கிணத்துத் தோட்டந்தான். அவ கொழுந்தன் சடையன் இருக்கானே, அவன் சூதாடியே தன் பங்கை அழிச்சவன். அவன் என்ன பண்ணினான், அண்ணி வீட்டுப் பரண்ல கிடந்த பழைய பத்திரத்தை எடுத்து, வரிக்கு வரி பார்த்து அடமானப் பத்திரம் எழுதி, அண்ணி கையெழுத்தையும் அச்சு அசலாப் போட்டு, வட்டிக்காரர் திருவாழிகிட்டக் கொடுத்துப் பணம் வாங்கிட்டான்.

ஒரு வருஷம் போச்சு. திருவாழி வந்து, தோட்டத்தைக் காலி பண்ணும்மான்னார். பத்திரத்தைப் பார்த்ததும் சீனித்தாயிக்குத் தலை சுத்திருச்சு. பின்ன, சுத்தாதா?

தலையாரிகிட்டப் போனா. "என் கையெழுத்து மாதிரியேதான் இருக்கு, ஆனா நான் போடலை"ன்னா. அவன் சிரிச்சான். மணியக்காரர்கிட்டப் போய் அதையே சொன்னா. அவரும் சிரிச்சார். அப்புறம் ராஜாகிட்டப் போய் அதையே சொன்னா. ராஜா சிரிக்கலை.

அந்த நாட்டுல ஒரு வழக்கம் உண்டு. அடமானம் வாங்குறவர் நிலத்துக்காரரைக் கூட்டிக்கிட்டு நாலு எல்லையும் நடந்து பார்க்கணும், இல்லைன்னா அடமானம் செல்லாது. ராஜா திருவாழியைக் கூப்பிட்டு, நடந்தீரான்னு கேட்டார். போன தை மாசம் இந்தம்மாவே கூட்டிப்போய்க் காட்டினாங்கன்னு அவர் கூசாமச் சொன்னார். பத்திரத்தை மனப்பாடம் பண்ணிட்டுல்ல வந்திருக்கார்!

தெற்கே என்னன்னார் ராஜா. ஓடைன்னார். மேற்கே? கல்வேலி. வடக்கே? வண்டிப்பாதை. கிழக்கே?

"புளியமரம் மகாராஜா. நல்ல வெயில், அந்த நிழல்ல உக்காந்துதான் மோர் குடிச்சோம்."

சீனித்தாயி நிமிர்ந்து பார்த்தா. "அந்த மரம் புயல்ல சாஞ்சு ஆறு வருஷமாச்சு மகாராஜா. நாந்தான் வெட்டி அடுப்பெரிச்சேன்"ன்னா.

ராஜா ஆளனுப்பிப் பார்த்தார், அங்கே மரமும் இல்லை, நிழலும் இல்லை. பணத்தை யார் கையில கொடுத்தீர்னு ராஜா கேக்கவும் திருவாழி சடையனைக் காட்டிக் கொடுத்துட்டார், அவன் எல்லாத்தையும் கக்கிட்டான்.

ராஜா சொன்னார்: "அவ போடாத கையெழுத்துக்கு அவ நிலம் போகாது. போட்டவன் என் குளத்துல மண்ணு சுமந்து கடனைக் கட்டட்டும். திருவாழி, நீர் உக்காந்த இடத்துல ஒரு புளியங்கன்னு நடும். அந்த நிழல் விழுற வரைக்கும் தினம் நீரே தண்ணி ஊத்தணும்."

புளி நிழல் தர எத்தனை வருஷமாகும்னு உங்கம்மாகிட்டக் கேளுங்க. திருவாழி குடம் சுமந்தே கூனிப்போனார். அவர் தண்ணி ஊத்துறதைப் பார்த்துக்கிட்டே சீனித்தாயி புள்ளைங்க அந்தத் தோட்டத்துல தின்னு வளர்ந்துச்சுங்க.

கதை அம்புட்டுதான். கேட்ட காதுக்கு ஒரு துண்டு வெல்லம், சொன்ன வாய்க்கு ரெண்டு.