யானைக் காதுக்குப் பின்னால் ஒரு சாட்சி

ஒரு காட்டில் ஒரு தேரைக்குப் பெரிய அநியாயம் நடந்தது. யானையின் முதுகிலும் நெற்றியிலும் பருப் பருவாகக் கிளம்பியதற்கு, அந்தத் தேரைதான் காரணம் என்று சொல்லி, குளத்தை விட்டே துரத்தப் பார்த்தார்கள். அதுவும் கடும் கோடையில்! காட்டில் ஈரம் மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் குளம். ஈரம் இல்லாவிட்டால் தேரை செத்துப்போகும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும்தான் துரத்தப் பார்த்தார்கள்.

நடந்ததைக் கேளுங்கள், குழந்தைகளே.

அந்த யானைக்கு வறண்ட தோல். குளித்து எழுந்ததும் உடம்பெல்லாம் சேற்றை வாரிப் பூசிக்கொள்ளும். ஒருநாள் நரி வந்து மூக்கைச் சுளித்தது.

"ஐயே! குளித்த பிறகு யாராவது சேறு பூசுவார்களா? பார்க்கிறவர்கள் எருமை என்று நினைக்கப்போகிறார்கள். நான் ஒரு பூச்சு தருகிறேன். எலுமிச்சைச் சாறு, சாம்பல், ஆற்று மணல். எல்லாமே இயற்கை! தேய்க்கத் தேய்க்கத் தோல் பளபளக்கும்."

"எரியுமே?" என்றது யானை.

"எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். நீ விளாமரத்தை உலுக்கி எனக்குப் பழம் உதிர்த்துக் கொடு, போதும்."

நரி தினமும் யானை முதுகில் ஏறி நின்று தேய்த்தது. தோல் வெடித்தது. பருக்கள் கிளம்பின.

"உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது. இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும்" என்றது நரி.

பருக்கள் பழுத்தன. யானை வலி தாங்காமல் பிளிறியது. காடே கூடிவிட்டது. பஞ்சாயத்துக்கு வந்த கரடி ஒரு அவசரக்காரக் கரடி.

"யார் வேலை இது? சீக்கிரம் சொல்லுங்கள்!"

நரி முந்திக்கொண்டது. "வேறு யார்? தேரைதான். ஊர்ப்பக்கம் போய்க் கேளுங்கள். தேங்காய்க்குள் பருப்பு இல்லையென்றால், தேரை மோந்துவிட்டது என்பார்கள். தேங்காய்க்கே அந்தக் கதி என்றால் யானைத் தோல் எம்மாத்திரம்?"

"அவ்வளவு உயரத் தென்னையில் நான் எப்படி ஏறினேன் என்று அந்த ஊரில் ஒருவராவது கேட்டாரா?" என்றது தேரை.

"எதிர்த்துப் பேசாதே!" என்றது கரடி. "உன் தோலைப் பார், முண்டும் முடிச்சுமாக! உன்னிடமிருந்துதான் ஒட்டியிருக்கும். குளத்தை விட்டுப் போ."

"இது நான் பிறந்த தோல் கரடியண்ணா. நோயில்லை."

யானை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை.

தேரை விடவில்லை. "சரி, நான் தொட்டால் பரு வரும் என்கிறீர்கள். அப்படியானால் தொட்ட இடத்தில்தானே வரவேண்டும்? வெயில் நேரத்தில் நான் எங்கே உட்காருவேன் என்று யானையக்காவையே கேளுங்கள்."

யானை மெதுவாகச் சொன்னது: "என் காதுக்குப் பின்னால்."

"காதைத் தூக்கு!" என்றது கரடி.

யானை காதைத் தூக்கியது. கூச்சமாக இருக்கிறது என்று அந்த இடத்தில் மட்டும் அது நரியைத் தொடவிட்டதில்லை. அங்கே பழைய சேறு ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. விலக்கிப் பார்த்தால், தோல் வாழையிலை மாதிரி வழவழப்பு. பேருக்குக்கூட ஒரு பரு இல்லை.

"நான் உட்கார்ந்த இடம் நன்றாக இருக்கிறது. நரியார் தேய்த்த இடம் புண்ணாக இருக்கிறது. இப்போது தீர்ப்பைச் சொல்லுங்கள் அண்ணா."

"என் மருந்து நல்ல மருந்துதான்!" என்று நரி கத்தியது.

"அப்படியா? உங்கள் மூக்கில் கொஞ்சம் பூசிக்கொள்ளுங்களேன், பார்ப்போம்."

நரிக்குத் திடீரென்று எங்கோ வேலை இருந்தது. ஓடியே போய்விட்டது. கரடி தலையைச் சொறிந்துகொண்டு, "தப்புதான் தங்கச்சி" என்றது.

தேரை யானையிடம் சொன்னது: "எலுமிச்சையை விட்டுவிடு அக்கா. பருவை மரத்தில் உரசாதே. குளித்து எழுந்ததும், ஈரம் காய்வதற்குள் மெல்லிய சேறு பூசு. சேறு காய்ந்து தானாக உதிரட்டும்."

"எப்போது சரியாகும்?"

"மெதுவாகத்தான். பொறுத்துக்கொள்."

யானை பொறுத்துக்கொண்டது. முதல் மழைக்குள் புண் ஆறித் தோல் பழையபடி ஆனது. அது முதல் வேலையாகக் குளக்கரையில் காலால் ஆழமாக ஒரு குழி பறித்தது. அடுத்த கோடையிலும் தேரைக்கு ஈரம் இருக்க வேண்டுமே!

"தங்கச்சி, உன்னைத் திட்டியபோது நான் வாய் திறக்கவில்லை. அப்படியும் எனக்கு ஏன் வைத்தியம் சொன்னாய்?" என்று யானை கேட்டது.

தேரை அந்தக் குழியில் சுகமாக இறங்கி உட்கார்ந்துகொண்டு சொன்னது:

"எத்தனை வெயிலில் உன் காது எனக்கு நிழல் தந்திருக்கிறது! அதை மறப்பேனா? ஆனால் அக்கா, அடுத்த முறை யாராவது என்மேல் பழி போட்டால் நீ பேசு. உனக்கு எவ்வளவு பெரிய வாய் இருக்கிறது!"

நீதி: நன்றி மறவாமை நட்புக்கு அழகு; நண்பர் மேல் வீண்பழி விழும்போது பேசுவதே அந்த நன்றிக்கு அழகு.