கோட்டைத் திடலில் தீராத பானைகள்

கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

முன்னொரு காலத்தில் வல்லக்கோன் என்று ஒரு ராஜா இருந்தான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அக்கினி நட்சத்திரத்திலேயே கோட்டை எழும்ப வேண்டும் என்றான். இடமோ வெறும் பொட்டல். ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, ஒரு குட்டிச்சுவர் கிடையாது.

மண் வெட்ட ஆண்கள் வந்தார்கள். மண் சுமக்க நூறு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி சடைச்சி. கூட அவள் தங்கை உலகி.

வெயிலில் பெண்கள் சுருண்டு சுருண்டு விழுந்தார்கள். முதல் நாள் ராஜா பானை பானையாகத் தண்ணீர் வைத்தான். ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் கொப்பளித்துத் துப்பினார்கள். இரண்டாம் நாள் நீர்மோர் வைத்தான். துப்பினார்கள். மூன்றாம் நாள் பானகம். அதையும் துப்பினார்கள்.

ராஜா கூடாரத்தில் காரணம் கேட்டான்.

"கொழுப்பு" என்றான் கண்காணி.

"பித்தம்" என்றான் வைத்தியன்.

"தெய்வக் குத்தம்" என்றான் பூசாரி.

வெளியே, அந்தப் பேச்சு காதில் விழும் தூரத்தில், சடைச்சி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகிக்கு வேர்வை நின்றுபோயிருந்தது. தொட்டால் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது.

"ஒரு வாய் குடிடி."

"குடிச்சா எங்கேக்கா ஒதுங்குறது? அத்தனை பயலும் பார்ப்பான். இருட்டட்டும்."

"இருட்ட இன்னும் பத்து நாழிகை இருக்குடி, பாவி!"

உலகி ஏதோ உளறினாள். கூடையோடு சாய்ந்தாள்.

சடைச்சி கூடாரத்துக்கு ஓடினாள். கண்காணி மறித்தான். தள்ளிவிட்டுப் போனாள்.

"கொழுப்புமில்ல, பித்தமுமில்ல, சாமியுமில்ல. குடிச்சா ஒதுங்கணும், ராஜா! இந்தப் பொட்டல்ல ஒரு ஓலைத் தட்டி உண்டா? உங்க ராணியம்மாவை இப்படி வெட்டவெளியில உட்காரச் சொல்வீங்களா?"



ராஜா தன் கூடாரத்தையே பிரித்து மறைப்புக் கட்டச் சொன்னான். அரை நாழிகை வேலை. அவ்வளவுதான்.

பானகத்தை அவனே மொண்டு ஓடினான். உலகியின் வாயில் ஊற்றினான். அது கடைவாயில் வழிந்து மண்ணில் இறங்கியது. அவள் எப்போதோ அடங்கிவிட்டிருந்தாள்.

அன்றைக்குப் பெண்கள் குடித்தார்கள். அழுதுகொண்டே குடித்தார்கள்.

வெயிலில் வேலை வாங்குகிறவன் தண்ணீர் வைத்தால் மட்டும் போதாது. குடித்தவர் கூசாமல் ஒதுங்க ஒரு மறைவும் கட்டித் தர வேண்டும்.