எடை குறைந்த காப்பி

கோமதிநாயகத்தை நம்பி ஒரு காப்பிக்கொட்டை வறுக்கும் மிஷினை வாங்கிக் கடையும் வைத்துக் கொடுத்தவர் அவன் மாமனார் அரியநாயகம். ஊரில் பெரிய புத்திசாலி என்று அவருக்குப் பேர். அந்தப் பேரை வைத்ததும் அவரே.

"மாப்ளே, கொட்டை படபடன்னு வெடிக்கும். சத்தம் கேட்டதும் இறக்கிரணும். எடையில மட்டும் ஒரு பொட்டு குறையப்படாது. மத்தியானம் வந்து பாப்பேன். குறைஞ்சிருந்தா கடை உமக்கில்ல, பழையபடி வாழைத்தாரு சுமக்கப் போயிர வேண்டியதுதான்."

பொட்டலம் போடும்போது எடை குறையக்கூடாது என்றுதான் பாவம் அவர் சொன்னது. கோமதிக்கு வாழைத்தார் என்றாலே தோள் வலிக்கும். அதற்குமேல் எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

உதவிக்கு மச்சினன்கள் இருவர், பிச்சாண்டியும் உலகுவும். மூளையைப் பங்கு போடுவதில் மூவருக்குள்ளும் சண்டையே வந்ததில்லை. இருந்தால்தானே பங்கு போட.

பத்துக் கிலோ பச்சைக்கொட்டையை நிறுத்து மிஷின் உருளையில் போட்டு அடுப்பை மூட்டினார்கள். நாலு சுற்று சுற்றுவதற்குள் கோயில் பக்கம் சரவெடி வெடித்தது.

"வெடிச்சிட்டு அத்தான், இறக்குங்க" என்றான் பிச்சாண்டி.

இறக்கினார்கள். "நிறமே மாறலியேல?" என்றான் கோமதி.

"சத்தம் கேட்டுதா இல்லியா?"

"கேட்டுது."

"பொறவென்ன?"

உலகு ஒன்றைக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டான். அதனால் மறுபடியும் உருளைக்குள் போட்டார்கள். இந்தத் தடவை கொட்டையே வெடித்து, சிவந்து, வாசனை தெருவையே தூக்கியது. எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

நிறுத்துப் பார்த்தால் எட்டரைக் கிலோ. வறுத்தால் ஈரம் போய் எடை குறையும் என்று அறியாத கோமதி தராசைத் தட்டிப் பார்த்தான்.

"மிச்சம் ஒண்ணரைக் கிலோ எங்கல?"

"நான் திங்கல அத்தான். கடிச்சதையும் துப்பிட்டேன்" என்றான் உலகு.

பிச்சாண்டி நெற்றியைச் சுருக்கினான். "கொட்டையில இருந்து வெளிய போனது என்னது? வாசனை மட்டுந்தான். அதை இழுத்தது யாரு?"

மூவரும் எதிர்க்கடையைப் பார்த்தார்கள்.

தையல்காரரைக் கூட்டிவந்து, தராசில் இருந்த கொட்டை டின்னுக்குள் மூச்சை விடச் சொன்னார்கள். ஓசிக் காப்பி உண்டு என்றதும் அவர் நன்றாகவே ஊதினார். சேதி பரவி, பூக்காரம்மா, தபால்காரர் என்று தெருவே வரிசையில் நின்று ஊதியது. வெங்காயம் தின்றுவிட்டு வந்தவர்களை உலகு திருப்பி அனுப்பினான். தொழிலில் சுத்தம் வேண்டுமே. தராசு முள் மட்டும் அசையவில்லை.

மத்தியானம் மாமனார் வந்துவிட்டார். கோமதி டிகாஷன் இறக்கி, பாலை ஆற்றி, நுரை தளும்ப டம்ளரை நீட்டினான். ஒரு மடக்கு குடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போதே வாசம் வந்துட்டு மாப்ளே. அங்கேயே நின்னு நெஞ்சு நெறைய இழுத்தேன்."

மச்சினன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெற்ற தகப்பனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? கோமதிதான் தோளைத் தடவியபடி துணிந்தான்.

"மாமா, ஒண்ணரைக் கிலோ குறையுது. அது உங்ககிட்டதான் இருக்கு."

அரியநாயகம் தராசைப் பார்த்தார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ வீட்டுச் சரக்கு வீட்டுலதான இருக்கு? கடை உமக்குத்தான் மாப்ளே. இதை இப்படியே கொண்டுபோயி உங்க அத்தைகிட்ட குடுத்திருதேன்."

சொல்லிவிட்டு வாயை இறுக மூடி, மூக்கையும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார். மாமனாருக்கு முழி பிதுங்கியதே ஒழிய வாய் திறக்கவில்லை. வழியனுப்ப வந்து கீழே நின்ற கோமதிதான் பணிவாகச் சொன்னான்:

"தென்காசிக்கு ஒரு டிக்கெட்டு அண்ணாச்சி. வெறுங்கையா வாராகன்னு நெனச்சிராதீங்க, ஒண்ணரைக் கிலோ லக்கேஜும் இருக்கு."